நேர்முகத் தேர்வுக்குப் போகும் மகளுக்கு

பினாங்கு,
நவம்பர் கடைசி வாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பியதை எல்லாம் தம்பி அச்செடுத்துக் கொடுத்துவிட்டான். நான்கு கட்டுரைகளையும் படித்தேன். 500 சொல்லுக்குள் உன் வாழ்க்கையைச் சொல், உன் சிகிச்சை முறையைச் சொல் என்று கேட்டால் யாருக்கும் திணறும். நீ நன்றாகவே எழுதியிருக்கிறாய். ஆய்வைப் பற்றிய கட்டுரையை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன், அவருக்கும் புரிந்தது. அமெரிக்காவில் உன் மருத்துவ உளவியல் படிப்புக்கான ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும் வேலை முடிந்தது. இனி டிசம்பரும் ஜனவரியும் நேர்முகத் தேர்வு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடிவிடுகிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் பேசிக் காட்டினாயே, அதை யோசித்துக்கொண்டே இருந்தேன். தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்து பேசிய மாதிரி ஒரு சொல் பிசகாமல் பேசினாய். எனக்குக் கவலை வந்ததும் அங்கேதான். அந்தப் பதில்களில் நீ இருந்தாய், உன் படிப்பு இருந்தது, நீ நம்பும் கோட்பாடு இருந்தது. நோயாளி இல்லை.

ஆள் எடுக்க உட்கார்ந்திருப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். சிஸ்டராக இருந்த கடைசி ஆண்டுகளில் மேட்ரனோடு சேர்ந்து பயிற்சித் தாதியரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லோரும் "எனக்குச் சேவை மனப்பான்மை உண்டு" என்றே ஆரம்பிப்பார்கள். பொய் சொல்லவில்லை, ஆனால் அதைக் கேட்டு எழுதிக்கொள்ள எங்களுக்கு ஒன்றும் இருக்காது. ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி பேசினாள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வில் பெரிய மதிப்பெண் கிடையாது. பக்கவாதத்தில் விழுந்த பாட்டியை அவள்தான் வீட்டில் பார்த்துக்கொண்டாளாம். தாதியரை இங்கே மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். "பாட்டிக்குப் பேச வராது மிஸி. தலையைப் பின்பக்கம் வாரிவிட்டால் மட்டும் கையைத் தட்டிவிடுவாங்க. நடுவகிடு எடுத்து வாரினால் சும்மா இருப்பாங்க. கல்யாணப் படத்தில் அப்படித்தான் வாரியிருந்தாங்க, அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன்" என்றாள். மேட்ரன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பெண்ணிடம் அதற்குமேல் அதிகம் கேட்கவில்லை. அவளை எடுத்தோம். வார்டுக்கு வந்த பிறகும் அவள் அப்படியேதான் இருந்தாள்.

உன்னை எடுக்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். உன் மதிப்பெண்ணும், நீ எத்தனை மணி நேரம் நோயாளிகளோடு உட்கார்ந்தாய் என்ற கணக்கும், பேராசிரியர்களின் கடிதங்களும் அவர்கள் கையில் ஏற்கனவே இருக்கின்றன. அதையே திரும்பச் சொல்வதற்கு உன்னைக் கூப்பிடவில்லை. ஒரு வருஷம், பெரும்பாலான இடங்களில் 2000 மணி நேரம், உன்னோடு வேலை செய்யப் போகிறார்கள். மிகவும் மோசமான நிலையில் வருகிற ஒருவரை உன் அறைக்குள் அனுப்பலாமா, சிக்கல் வந்தால் இவள் மறைப்பாளா, கதவைத் தட்டி வந்து சொல்வாளா, இதைத்தான் தெரிந்துகொள்ளப் பார்ப்பார்கள். அதை உன் குணங்களை அடுக்கிக் காட்ட முடியாது. ஒரு நோயாளியைப் பற்றி நீ பேசும் விதத்தில் தானாகவே தெரிந்துவிடும்.

"சரியாகப் போகாத ஒரு கேஸைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கட்டாயம் கேட்பார்கள் என்றாய். அதற்கு நீ சொன்ன பதிலை மட்டும் மாற்று. நாலைந்து முறை வந்துவிட்டு நின்றுவிட்ட அந்தக் கல்லூரி மாணவரைப் பற்றிச் சொன்னாய். "அவருக்கு மாற வேண்டும் என்ற ஆர்வம் குறைவாக இருந்தது, அதிலிருந்து பொறுமையைக் கற்றுக்கொண்டேன்" என்று முடித்தாய். கேட்க நன்றாக இருக்கிறது. அவர் ஏன் நின்றார் என்பது அதில் இல்லை.

வார்டில் ஒருவர் இருந்தார். இங்கே நான் சொல்பவர்களின் ஊரையும் உறவையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அவருடைய அட்டையில் "மருந்து சாப்பிட மறுக்கிறார்" என்று எழுதியிருக்கும். வீட்டுக்கு அனுப்புவோம், சில மாதத்தில் திரும்பவும் சேர்ப்பார்கள், திரும்பவும் அதே வரி. ஒருநாள் அவர் மனைவி சோறு கொண்டு வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார். கணவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், விடியுமுன் எழுந்து போக வேண்டும். இரவு படுக்கும்போது அந்த மாத்திரையைப் போட்டால் காலையில் தலையைத் தூக்க முடியவில்லை, வெட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அவர் மருந்தை மறுக்கவில்லை, சம்பளத்தைக் காப்பாற்றினார். டாக்டரிடம் சொன்னோம். மாத்திரையைச் சாயங்காலமே போடச் சொல்லி நேரத்தை மாற்றினார். அப்புறம் ஒழுங்காகச் சாப்பிட்டார். அத்தனை நாள் அந்த அட்டையில் எழுதியிருந்தது நோயாளியைப் பற்றிய உண்மையே இல்லை.

அந்த மாணவர் ஏன் நின்றார் என்று உனக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்றே சொல். நீ அன்று என்ன நினைத்தாய், எதைப் பார்த்து அப்படி நினைத்தாய், அவர் கடைசியாக வந்தபோது என்ன சொன்னார், நீ என்ன கேட்காமல் விட்டாய், சூப்பர்வைசரிடம் எப்போது கொண்டு போனாய், இவற்றைச் சொல். மூன்றாவது தடவை அவர் சிகிச்சைக்காக நீ கொடுத்த வீட்டுப்பாடத் தாளைக் கொண்டு வரவில்லை, நீ அதைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறியது என்று என்னிடம் சொன்னாயே, அதைச் சொல். அதில் எல்லாம் இருக்கிறது. அனுபவம் உள்ள ஒருவர் அதைக் கேட்டால் "அந்த இடத்தில் இவள் ஏதோ கவனித்திருக்கிறாள்" என்று புரிந்துகொள்வார். உன் குறையை அழகாகச் சுற்றிக் கொடுக்கவேண்டிய அவசியமில்லை.

ஒன்று, கேஸ் சொல்லும்போது ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல். வயதை, ஊரை, வேலையை மாற்று. உனக்குத் தெரியாததா இது. ஆனாலும் படபடப்பில் வாய் தவறி அவர் படிக்கும் துறையையோ வந்த நாட்டையோ சொல்லிவிடுவோம். கேட்பவர்கள் அதையும் குறித்துக்கொள்வார்கள், அது நியாயமும்கூட. இங்கே பினாங்கில் வார்டு விஷயம் ஒன்று கசிந்தால் மறுநாள் மார்க்கெட் ஸ்ட்ரீட் கடையில் பேசுவார்கள். வீட்டில் உன் அப்பாவிடம்கூட நான் யார் பெயரையும் சொன்னதில்லை.

அப்புறம் உயிர் ஆபத்தைப் பற்றிய கேள்வி. ஒரு சூழ்நிலையைக் கொடுத்து "இப்போது என்ன செய்வீர்கள்" என்பார்கள். நீ எனக்குச் சொன்ன வரிசை சரியாகத்தான் இருந்தது: சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பது, திட்டம் ஏதும் இருக்கிறதா, அதற்கானது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயற்சி செய்ததுண்டா, வீட்டில் யார் இருக்கிறார், உயிரோடு பிடித்து வைத்திருப்பது எது, பிறகு இருவரும் சேர்ந்து பாதுகாப்புத் திட்டம் எழுதுவது, சூப்பர்வைசரை உடனே கூப்பிடுவது. இதில் ஒன்றையும் விடாதே. ஆனால் நீ சொன்ன வேகம்தான் எனக்கு உறுத்தியது. எதிரே அழுதுகொண்டிருக்கும் ஒருவரிடம் அந்த வேகத்தில் கேட்க முடியாது. அந்த முதல் கேள்வியை எந்த வார்த்தையில் கேட்பாய் என்று அவர்களிடம் அப்படியே பேசிக் காட்டு. கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று புதிதாக வரும் தாதியர் பயப்படுவார்கள். அப்படி ஆகாது என்று ஆய்வுகளும் சொல்கின்றன, நானும் பார்த்திருக்கிறேன். கேட்டதும் பலருக்கு மூச்சே இறங்கிவரும்.

இந்த விஷயத்தில் உனக்குச் சொல்ல உன்னுடையதாகவே ஒன்று இருக்கிறது. நம் மலேசியாவில் தற்கொலைக்கு முயல்வது 2023 வரை குற்றம். தண்டனைச் சட்டத்தின் 309வது பிரிவு, ஒரு வருஷம் வரை சிறை. அந்த ஆண்டுதான் நாடாளுமன்றத்தில் அதை நீக்கினார்கள். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் அந்தச் சட்டம் இருந்தது. உயிர் பிழைத்து வார்டில் கண் திறப்பவர் முதலில் கேட்பது "போலீஸ் வருவாங்களா மிஸி" என்பதுதான். வீட்டார் தவறி நடந்துவிட்டது என்று சாதிப்பார்கள். உண்மையைச் சொன்னால் வழக்கு என்றால் யார் சொல்வார்? நீ அங்கே குடும்பத்தோடு வந்து அமர்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து, எல்லோரும் சேர்ந்து ஏதோ மறைக்கிறார்கள் என்று உணர்ந்தால், அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று முதலில் யோசிப்பாய். ரகசியம் காப்பதைப் பற்றியும் அதை மீற வேண்டிய இடத்தைப் பற்றியும் கேட்கும்போதும் இது உதவும். நோயாளியால் வேறொருவர் உயிருக்கு ஆபத்து என்றால் அவரைக் காப்பாற்றும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று கலிஃபோர்னியாவில் 1976இல் வந்த டராசாஃப் தீர்ப்பைப் பற்றி நீ சொன்னாய். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு என்றும் சொன்னாய். எந்த மாநிலத்துக்கு இன்டர்வியூ கொடுக்கிறாயோ அந்த மாநிலத்துச் சட்டத்தை முந்தின நாள் ஒரு தடவை பார்த்துவிடு.

இனி நீ தயங்குகிற இடத்துக்கு வருகிறேன். பன்முகத்தன்மை பற்றிக் கேட்டால் பினாங்கை எடுத்துக் கடைச் சரக்கு மாதிரி காட்ட வேண்டியிருக்கிறது, கூச்சமாக இருக்கிறது என்றாய். உன் கூச்சம் நியாயமானது. தைப்பூசத்தையும் காவடியையும் சொல்லி அவர்களை வியக்க வைக்க வேண்டாம். ஆனால் நீ இங்கே வளர்ந்ததால் உனக்கு நோயாளியைப் பற்றித் தெரிந்த சில விஷயங்கள் உண்டு. அவற்றை ஏன் விட வேண்டும்?

சின்ன வயதில் யாராவது கொஞ்சம் வித்தியாசமாகப் பேசினால் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவோம்" என்று அத்தை வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள், ஞாபகமிருக்கிறதா? 1911இல் அந்த ஊரில் ஆரம்பித்த மனநல மருத்துவமனை அது. ஊர்ப் பெயரே வசவாகிப் போனது. அந்த வசவைக் கேட்டு வளர்ந்த ஒருவர் தனக்குத் தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் சொல்லவே எத்தனை வருஷம் ஆகும் என்று உனக்குத் தெரியும். நம் ஆட்கள் முதலில் கோயிலுக்குப் போவார்கள், பிறகு சாமி பார்க்கிறவரிடம், சிலர் போமோ என்கிற மலாய் வைத்தியரிடம். மருத்துவமனை கடைசி. வரும்போதும் நெஞ்சு வலி, தலைபாரம், கை கால் எரிச்சல் என்றுதான் வருவார்கள். மனசு என்ற பேச்சே வராது. நீ மனநோய்களை வகைப்படுத்தும் அந்த டிஎஸ்எம்-5 புத்தகத்தில் இருக்கும் அந்தப் பண்பாட்டு நேர்காணலைக் காட்டினாயே, 16 கேள்விகள், "இந்தப் பிரச்சனைக்கு உங்கள் வீட்டார் என்ன காரணம் சொல்கிறார்கள்", "இதற்கு முன் யாரிடம் போனீர்கள்" என்று. படித்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. எங்கள் வார்டில் வயதான தாதியர் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவற்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீ அங்கே சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இந்தக் கேள்விகளை நான் யாரிடம் கேட்டேன், அவர் என்ன சொன்னார், அதனால் என் சிகிச்சையில் எதை மாற்றினேன். பினாங்கு அதற்குள் தானாக வந்துவிடும்.

எந்தக் கோட்பாட்டைப் பின்பற்றுகிறாய் என்ற கேள்விக்கு உன் பதில் போதும். சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை, என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நேரே ஒரு ஆளைப் பற்றிச் சொல். நீளமாக விளக்க வேண்டாம். கேட்கிறவர்களுக்குப் பாடம் தெரியும்.

உன் விசாவைப் பற்றி. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் அமெரிக்கக் குடிமக்களை மட்டுமே எடுக்கும் என்பதால் அவற்றை விட்டுவிட்டாய், சரியான முடிவு. "ஏன் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போடலை" என்று பெரியம்மா கேட்டார், நான் விளக்கிச் சொல்லிவிட்டேன். மற்ற இடங்களில் வேலை அனுமதியைப் பற்றிக் கேட்டால் கலங்காதே. இன்டர்ன்ஷிப் உன் பட்டப்படிப்பின் ஒரு பகுதி, எஃப்-1 மாணவர் விசாவில் சிபிடி என்கிற, படிப்போடு சேர்ந்த பயிற்சி வேலைக்கான அனுமதியோடு செய்யலாம், பல்கலைக்கழகத்து அதிகாரி கடிதம் கொடுப்பார் என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போ. நீயே தயங்கித் தயங்கிச் சொன்னால் அவர்களுக்கும் இது ஏதோ பெரிய சிக்கல் போலத் தோன்றும். வேலைக்கான சிபிடியையும் சிகிச்சைக்கான சிபிடியையும் ஒரே பதிலில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள், அன்று நீ பேசும்போது அப்பாவுக்குக் குழம்பிவிட்டது.

டிசம்பரில் நீ வர வேண்டாம். இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஆனால் 2020இல் கோவிட் வந்ததிலிருந்து பெரும்பாலும் திரையில்தானே நடக்கிறது, வீட்டிலிருந்தே பேசலாம் என்று நீ நினைப்பது சரிவராது. சிகாகோவில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே இரவு பதினொன்று. மத்தியானம் ஒரு மணிக்கு அவர்கள் கேள்வி கேட்டால் நீ விடிகாலை மூன்று மணிக்கு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். இரவு வேலை பார்த்தவள் சொல்கிறேன், அந்த மூன்று மணிக்கு மூளை ஒத்துழைக்காது. அங்கேயே இரு. நேரக் குறிப்பு எல்லாவற்றையும் உன் ஊர் நேரத்துக்கு மாற்றி ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு. கலிஃபோர்னியாக்காரர் பத்து மணி என்றால் உனக்குப் பன்னிரண்டு, நியூயார்க் பத்து என்றால் உனக்கு ஒன்பது. சாப்பிட்டுவிட்டு உட்கார். சில இடங்களில் ஒரே நாளில் நாலைந்து பேர் மாறி மாறிப் பேசுவார்கள் என்றாய், பக்கத்தில் சுடுதண்ணீர் வைத்துக்கொள். விளக்கு உன் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். குறிப்பு வைத்துக்கொள்ளலாம், ஆனால் வாக்கியமாக எழுதாதே, ஆளை ஞாபகப்படுத்தும் ஒரு சொல் மட்டும் எழுது: "வீட்டுப்பாடத் தாள்", "முகம் மாறியது". மூக்குத்தியைக் கழற்றலாமா என்று கேட்டாய். கழற்றாதே.

கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை பற்றி யோசனை உண்டா என்று அங்கே கேட்கக் கூடாது. யாராவது பேச்சுவாக்கில் கேட்டால் சிரித்துக்கொண்டே வேலையைப் பற்றிப் பேச்சைத் திருப்பு.

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா" என்பார்கள். இதை மரியாதைக்குக் கேட்கும் கேள்வி என்று நினைத்துவிடாதே. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நீ அவர்களைத் தேர்ந்தெடுக்கிற நேரம் அது. வாரத்துக்குக் குறைந்தது 4 மணி நேரம் சூப்பர்விஷன் இருக்க வேண்டும், அதில் 2 மணி நேரமாவது தனியாக ஒருவரோடு என்று அங்கீகாரம் பெற்ற இடங்களுக்கு விதி இருக்கிறது என்றாய். தாளில் எல்லோரும் அதை எழுதியிருப்பார்கள். நீ இப்போது அங்கே இருக்கும் இன்டர்ன்களிடம் தனியாகப் பேச விடுவார்களே, அப்போது கேள்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு நோயாளி நிலைமை மோசமானால் யார் போனை எடுக்கிறார்? போன தடவை அப்படி ஆனபோது யார் வந்தார்? பதில் உடனே வருகிறதா என்று பார். அதைவிட, அந்த சூப்பர்வைசர்கள் பேசும்போது தங்கள் நோயாளிகளை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேள். "கஷ்டமான கேஸ்கள்", "அடிக்கடி வந்து தொல்லை கொடுப்பவர்கள்" என்று சிரித்துப் பேசுகிற இடத்தில் நீ ஒரு வருஷம் இருந்தால் உனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொள்ளும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வார்டில் நோயாளிகளைக் கட்டில் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நேரம் வீணாகிறது என்று என்னைத் திட்டியதும் உண்டு. வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். புது வார்டின் சிஸ்டர் ஒவ்வொருவரிடமும் "ராத்திரி தூங்கினீங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் அட்டையைத் தொடுவார். வேலை என்றால் என்ன என்று நான் படித்தது அவரிடம்தான்.

அதனால்தான் உன் வரிசைப் பட்டியலைப் பற்றியும் சொல்கிறேன். நீங்களும் அந்த இடங்களும் தனித்தனியாகக் கொடுக்கும் வரிசைகளைக் கணினி பொருத்திப் பார்க்குமே, அந்த மேட்ச் எப்படி வேலை செய்கிறது என்று தம்பி தாளில் வரைந்து காட்டினான். 1962இல் கேல், ஷேப்லி என்று இரண்டு கணித அறிஞர்கள் கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் உதாரணமாக வைத்து எழுதிய முறையாம். பிறகு ரோத் என்பவர் அதை டாக்டர்களின் பயிற்சி இடங்களுக்குச் சரிசெய்து கொடுத்தார். ஷேப்லிக்கும் ரோத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. உங்கள் துறையில் 1999இல்தான் கணினிக்கு மாறினார்கள், அதுவரை ஒரே நாளில் எல்லோரும் போன் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டுமாம். தம்பி சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. கணினி முதலில் உன் முதல் இடத்தைக் கேட்டுப் பார்க்கும். அங்கே இடமில்லை என்றால் இரண்டாவதுக்குப் போகும். முதலில் ஒரு பெரிய இடத்தைப் போட்டதால் இரண்டாவதில் உன் வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. ஆகவே "அவர்கள் என்னை எடுப்பார்களா" என்று யோசித்து வரிசையை மாற்றாதே. உனக்கு எங்கே போக ஆசையோ அந்த வரிசையிலேயே போடு. போகவே மனமில்லாத இடத்தைப் பட்டியலில் சேர்க்காதே, ஏனென்றால் முடிவு வந்துவிட்டால் மாற்ற முடியாது. பிப்ரவரி முடிவில் கிடைக்காவிட்டால் இரண்டாம் சுற்று இருக்கிறது, முன்பு போல இடப் பற்றாக்குறையும் இப்போது இல்லை என்று நீயே சொன்னாய்.

எங்களை எத்தனையாவதாகப் போடுவாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது, நீயும் சொல்லக் கூடாது என்பது விதி. நல்ல விதி. எங்களிடமும் சொல்ல வேண்டாம். அப்பா சம்பளத்தைப் பார்ப்பார், பெரியம்மா ஊர்ப் பெயரைப் பார்ப்பார், நான் குளிர் குறைவான இடத்தைப் பார்ப்பேன். எங்கள் மூன்று பேர் பேச்சையும் கேட்டு வரிசை போடாதே. ஒவ்வொரு இன்டர்வியூ முடிந்ததும் அன்று இரவே ஒரு பக்கம் எழுதி வை, அங்கே யார் எந்த நோயாளியைப் பற்றி என்ன சொன்னார் என்று. பத்துப் பன்னிரண்டு இடம் முடிந்ததும் எல்லாம் கலந்துவிடும், கடைசியாகப் பேசிய இடமே நல்ல இடமாகத் தோன்றும். அந்தப் பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு வரிசை போடு.

நீ பட்டியல் போடுகிற நேரத்தை ஒட்டித்தான் தைப்பூசமும் வருகிறது. தேர் வரும்போது உன் பெயருக்குத் தேங்காய் உடைக்கச் சொல்லி அப்பா ஏற்பாடு செய்துவிட்டார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நான் ஏறுவேன், முட்டி வலி இப்போது பரவாயில்லை. வாட்டர்ஃபால் ரோடு பந்தலில் மோர் கொடுக்க என்னோடு வேலை பார்த்த பழைய தாதியர் எல்லோரும் வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் உன்னைத் தூக்கி வளர்த்தவர்கள். நீ என்ன படிக்கிறாய் என்று விளக்கிச் சொல்ல எனக்கு நல்ல வாய்ப்பு.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை வேண்டுமென்றால் உன் சனிக்கிழமை இரவு கூப்பிடு, எங்களுக்குக் காலையாக இருக்கும். நான் கேள்வி கேட்கிறேன். ஆனால் எழுதி வைத்த பதிலை வாசிக்காதே. நான் கேட்பதும் ஒன்றுதான்: இந்த வருஷம் நீ பார்த்தவர்களில் யாரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறாய், ஏன்? பெயர் வேண்டாம். அதற்கு நீ மூன்று நிமிஷம் பேசு, அப்பா கடிகாரம் பார்ப்பார்.

முதல் இன்டர்வியூ தேதியும் நேரமும் தம்பிக்கு அனுப்பு. சூட் ஒன்று வாங்க வேண்டும் என்றாயே, பணம் நாளைக்கே போட்டுவிடுகிறேன். மலிவானதைப் பார்த்து வாங்காதே, தோள் சரியாக உட்காருகிறதா என்று போட்டுப் பார்த்து வாங்கு. இன்டர்ன்ஷிப் தொடங்குவதற்கு முன் கோடையில் எப்போது வர முடியும் என்று பல்கலைக்கழகத்து அதிகாரியிடம் இப்போதே கேட்டு வை. விசா முத்திரை விஷயமும் அவரிடமே கேள். அதன்படி டிக்கெட் பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா